ஒன்பது மைல் ஓடிய எண்ணெய்

அத்தியாயம் ஆறு

1922ஆம் ஆண்டு பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, மடுல்சீமை ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களா விறாந்தையில் இருந்தவர்கள்:

பெல்டன், பெரிய துரை. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, இடது காலை முக்காலியில் நீட்டியிருந்தார்.

இராசையா, பெரிய கணக்கப்பிள்ளை. கையில் பேனா. பேனாவுக்குக் கீழே பத்துச்சீட்டு, அதாவது ஓர் ஆளைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்பும் கடிதம். பெயர் எழுதியாகிவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி.

மாடசாமி, காரோட்டி. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்.

சந்தியாகு, பங்களா அப்பு. சமைப்பவர், பரிமாறுபவர், துரை காலிலிருந்து கழற்றி எறியும் சப்பாத்துகளைப் பொறுக்கி வருபவர்.

பாக்கியலெட்சுமி, மாடசாமியின் மனைவி. படிக்கட்டின் கீழே, கட்டி முடித்த சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கால் கட்டப்பட்ட இரண்டு கோழிகள்.

ஜௌபர், பதுளைக் கடைவீதியில் மணிக்கூடு திருத்துபவர். மணிக்கூடு வராத நாட்களில் துப்பறிபவர்.

தம்பையா, அவருடைய உதவியாள்; அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுபவன். ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, கொழுந்து வாடப் போடும் தட்டில் படுத்துத் தானும் வாடியதால் துரத்தப்பட்டவன்.

“இதுல ஒரு ஆள்தான் செஞ்சிருக்கு” என்று ஜௌபர் மெல்லச் சொன்னார்.

“நானா, கோழிகளையும் சேத்தா?” என்றான் தம்பையா.

“கோழி முழிக்கிற முழியைப் பார்த்தா சேர்க்கத்தான் தோணுது. பேசாம இரு.”

பெல்டன் துரை ஆட்களை வேலை வாங்குவதற்காக மட்டும் தமிழ் கற்றவர். நலம் விசாரித்தாலும் மிரட்டுவதுபோல இருக்கும். ஆனால் ஜௌபரிடம் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. போன வருஷம் காணாமல்போன அவருடைய பொய்ப்பல்லை, அவருடைய சப்பாத்துக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தவர் ஜௌபர். அந்தப் பல் இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கத்தல் கூடக் கத்தியிருக்க முடியாது.

“ஜௌபர், நீ கேளு. மோட்டார் புஸ்தகம் சொல்லுது, ஐந்நூறு மைல் ஓடினா எஞ்சின் எண்ணெய் கறுக்கும். என் காரு மீற்றர் சொல்லுது, கடைசியா எண்ணெய் மாத்தின பிறகு ஒன்பது மைல். சனிக்கிழமை நான் கம்பி விட்டுப் பாத்தேன். எண்ணெய் கறுப்பு! தார் மாதிரி கறுப்பு! அப்போ என்னா அர்த்தம்?”

“நீங்களே சொல்லுங்கோ தொரை.”

“மாடசாமி என் காரை எடுத்து ஊரெல்லாம் ஓட்டியிருக்கான். மீற்றரைத் திருப்பி வச்சிருக்கான். நாலு மணிக்குப் பெரட்டு, ஆளெல்லாம் களத்துல கூடும். அதுக்குள்ளே நீ வேற கள்ளன் கொண்டா. இல்லே, இவன் சீட்டு வாங்கிப் போ.”

மாடசாமி வாயைத் திறந்தார். கணக்கப்பிள்ளை பேனாவை உயர்த்தினார். மாடசாமி வாயை மூடிக்கொண்டார்.

பேசியது பாக்கியலெட்சுமிதான். அவளை ஜௌபருக்கு நேற்றிலிருந்துதான் தெரியும். பதுளைக்கு வந்து, கடைக்குள் நுழைந்து, அங்கே திருத்துவதற்கு வைத்திருந்த பதினாலு மணிக்கூடுகளும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்க, “என் புருஷன் கள்ளன் இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்” என்று நின்றவள்.

“நாலு மணிக்குச் சீட்டுக் கொடுத்தா, அஞ்சு மணிக்கு நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவப் பூட்டிருவாங்க” என்றாள் இப்போது. “கள்ளன்னு எழுதின சீட்டைப் பாத்தா வேற எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டாங்க. புள்ள மூணு. கோழி ரெண்டு. நீங்க ரோசனை பண்றதுன்னா சுருக்கா பண்ணுங்க.”

ஜௌபர் தலையசைத்தார். பிறகு அப்புவைப் பார்த்து, “ஒரு கண்ணாடிக் கிளாஸ் தாங்கோ” என்றார்.

“தண்ணிக்குங்களா?”

“எண்ணெய்க்கு.”

கார்க் கொட்டகை பங்களாவின் பின்பக்கம். உள்ளே சிவப்பாக, பளபளவென்று, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார் நின்றது. தம்பையா வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகான பொருள் அதுதான். அதைவிட உபயோகமற்ற பொருளையும் அவன் பார்த்ததில்லை.

கொழும்பிலிருந்து பசறை வரைக்கும் அது தன் காலில் வந்ததாம். அதற்குப் பிறகு பாதையில் இருந்த கற்கள் அதன் வயிற்றில் முட்டின. எனவே ஆறு மாடுகளைப் பூட்டி, முப்பது ஆட்கள் பின்னால் தள்ள, மாடசாமி மட்டும் உள்ளே உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளில் கொண்டுவந்து சேர்த்தார்கள். தோட்டத்துக்குள் நல்ல பாதை பங்களாவிலிருந்து, பாதையின் குறுக்கே சங்கிலி கட்டிய காவல் வரை, அரை மைல். ஞாயிற்றுக்கிழமை தோறும் துரை தோல் தொப்பி போட்டு, கண்ணாடி மாட்டி, அந்த அரை மைலைக் கீழே போவார். அங்கே பத்துப் பேர் சேர்ந்து காரைத் தூக்கித் திருப்பி வைப்பார்கள். மறுபடி அரை மைல் மேலே வருவார். வாரத்துக்கு ஒரு மைல்.

“மணிக்கு எழுபது மைல் போகுமாம்” என்றார் மாடசாமி பெருமையும் துக்கமுமாக.

“அப்போ அம்பது செக்கன்ல ஒரு வாரத்து ஓட்டம் முடிஞ்சிருமே” என்றான் தம்பையா.

ஜௌபர் மீற்றரைப் பார்த்தார். திருகாணிகளைப் பார்த்தார். மணிக்கூடு திருத்துகிற மனிதருக்குத் திருகாணியின் தலையைப் பார்த்தால் போதும். யாராவது கை வைத்திருந்தால் அது கீறலாகக் காட்டிக்கொடுத்துவிடும். கீறல் இல்லை.

“மீற்றரை யாரும் தொடல்ல. எண்ணெய் கடைசியா மாத்தினது எப்போ?”

“தை மாசம் மொத சனிக்கெழமைங்க. அதுவரைக்கும் மாசாமாசம் மாத்துவோம். ஐந்நூறு மைல், இல்லாட்டி ஒரு மாசம், எது முந்தியோ அதுன்னு புஸ்தகத்துல இருக்காம். நம்ம காரு ஐந்நூறு மைல் ஓட பத்து வருஷம் ஆகும். அதனால மாசக் கணக்குத்தான். நாலு மைல் ஓடின எண்ணெய எறக்கிட்டுப் புது எண்ணெய் ஊத்துவேன். எறக்கினது தேன் மாதிரி இருக்கும்ங்க. தூக்கிப் போட மனசு வராது.”

“இப்ப ஏன் நிப்பாட்டினீங்க?”

“கொழும்புல கார் வித்த கம்பனிக்காரங்க தொரைக்குக் காயிதம் போட்டாங்க. இவ்வளவு கொஞ்சமா ஓடுற காருக்கு வருஷத்துல ரெண்டு தடவை மாத்தினாப் போதும்னு. அதுலருந்து ரெண்டு மாசமா மாத்தல. ஒன்பது ஞாயித்துக்கெழமை. ஒன்பது மைல்.”

ஜௌபர் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பு. அடித் திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் கிளாஸ் முக்கால்வாசி நிறையப் பிடித்தார். அமாவாசை மாதிரி இருந்தது. இரண்டு விரலுக்கிடையே ஒரு சொட்டைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அந்த விரலைத் தம்பையாவின் கையில் துடைத்தார்.

“நானா, எங்கிட்ட இருக்கிறதே ஒரு சட்டை.”

“தேச்சுப் பாரு. நீ தொழிற்சாலை எஞ்சின் பக்கத்துல இருந்தவன்தானே.”

தம்பையா தேய்த்துப் பார்த்தான். நறநற என்றது. தொழிற்சாலை எஞ்சினின் பழைய எண்ணெய் அவனுக்குத் தெரியும். அது கறுப்பாக இருந்தாலும் வெண்ணெய்போல வழுக்கும். இது அரைகுறையாகப் பல் துலக்கியதுபோல இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். ஜௌபர் அவன் முகத்தைப் பார்க்காமல் மாடசாமியிடம் கேட்டார்.

“மாசாமாசம் எறக்கின எண்ணெய என்ன செஞ்சீங்க?”

“அப்பு கேட்டாருங்க. பங்களாக் கதவுக் கீலுக்குப் போடணும்னு. அவருகிட்டத்தான் குடுத்தேன்.”

“கொட்டகைக்குப் பூட்டு இருக்கா?”

“கதவே இல்லீங்களே. காரு எங்க போயிரப் போகுதுன்னு தொரை வைக்கல.”

ஜௌபர் கிளாஸை ஏந்திக்கொண்டு போய் விறாந்தை மேசையில், துரையின் கண்ணுக்கு நேரே வைத்தார்.

“இதை யாரும் அசைக்க வேண்டாம். நாலு மணிக்கு இது வாயைத் திறந்து பேசும்.”

“எண்ணெய் பேசுமா?” என்றார் துரை.

“தமிழ்தான் பேசும் தொரை. உங்களுக்கு விளங்கும்.”

துரை எழுந்து கிளாஸைக் கிட்டப் போய்ப் பார்க்க முயன்றார். நாற்காலிக் கையைப் பிடித்து, பல்லைக் கடித்து, எழுந்ததும் இடப்பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்து நின்றார். காற்றில் சாய்ந்த வாழை மாதிரி. பிறகு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி விழுந்தார். அது ஜெபமாக இருக்க வாய்ப்பில்லை.

படியிறங்கும்போது தம்பையா பாக்கியலெட்சுமியிடம் கேட்டான். “தொரைக்கு என்ன? நடையே கோணலா இருக்கு?”

“அதுனாலதான் கோணத் தொரைன்னு பேரு. பழைய பேரு” என்றாள். “நடுவுல ஒரு வருஷமா ஆளு நிமிந்து கம்பம் மாதிரி நடந்தாரு. பேர மாத்தலாம்னு கூட லயத்துல பேசிக்கிட்டாங்க. ரெண்டு வாரமா திரும்பக் கோணல். வலி வந்தா தூக்கம் வராதா, அரை மணி முந்தியே காலைப் பெரட்டுக்குத் தப்படிக்கச் சொல்லிருவாரு. இருட்டுல எல்லாரும் போய் நிக்கணும். நமக்கா முழங்கால் வலி?”

“நிமிந்தது எப்பயிருந்து?” என்றார் ஜௌபர்.

“காரு வந்த வருஷம். காரு வந்த சந்தோசத்துல நிமிந்துட்டாருன்னு சொன்னாங்க.”

ஜௌபர் தாடியைச் சொறிந்தார். அவர் தாடியைச் சொறிந்தால் ஒன்று துப்புக் கிடைத்திருக்கும், அல்லது தாடி அரித்திருக்கும். பதினோரு வருஷமாகியும் தம்பையாவுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

பங்களாவில் ஏழு கதவுகள். ஜௌபர் ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். முதல் கதவு பூனை வாலை மிதித்த மாதிரி கத்தியது. இரண்டாவது பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது. மூன்றாவது பிரசவ வலியில் இருந்தது. துரையின் படுக்கையறைக் கதவு மட்டும் தனி ரகம். திறக்கும்போது அழுதுவிட்டு, மூடும்போது அழுததற்குக் காரணமும் சொன்னது.

“எண்ணெய் போட்ட கீலா இது?” என்றான் தம்பையா. “ஒரு வருஷமா மாசம் ஒரு தகரம் எண்ணெய் குடிச்சிருக்குன்னா இந்நேரம் கதவுங்க தானாப் பறந்திருக்கணும் நானா.”

“அப்போ கீல் குடிக்கல்ல. வேற யாரோ குடிச்சிருக்கு. வா, குசினிக்கு.”

குசினியில் சந்தியாகு அப்பு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வெங்காயத்தாலா என்று சொல்வது கஷ்டம். நெற்றியில் ஒரு புடைப்பு. சப்பாத்தின் குதிகால் அளவு.

“சனிக்கிழமையா, ஞாயித்துக்கிழமையா?” என்று புடைப்பைக் காட்டிக் கேட்டார் ஜௌபர்.

“வியாழக்கெழமைங்க” என்றார் அப்பு. “சனிக்கெழமையோடது முதுகுல இருக்கு.”

“தொரைக்கு வலி வந்தா எறிவாரோ?”

“வலி வந்தா எறிவாருங்க. வலது சப்பாத்து மொதல்ல. அது தப்பினா இடது. நானே பொறுக்கிட்டுப் போயி திரும்பக் குடுக்கணும். இல்லாட்டி அதுக்கும் ஏசுவாரு.”

அலமாரியில், மசாலாப் போத்தல்களுக்குப் பின்னால், கட்டையான ஒரு வெறும் போத்தல் இருந்தது. ஜௌபர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தம்பையாவின் மூக்குக்கு நீட்டினார். கற்பூரம். யூகலிப்டஸ் இலை. அதற்கடியில் ஏதோ ஒன்று. போத்தலின் அடியில் தேன் நிறத்தில் ஒரு வளையம் ஒட்டியிருந்தது.

“இது?”

“தொரையோட முழங்கால் தைலம்ங்க. ராவும் பகலும் நான்தான் தேச்சு விடுவேன். முடிஞ்சு போச்சு.”

“எங்க வாங்கினீங்க?”

“பதுளையிலதான். மர்லியா உம்மா கடையில.”

தம்பையா வாயைத் திறந்தான். மர்லியா உம்மா கடையைக் கட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் பண்டாரவளைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் குடை தைக்கிறார்கள். அதைச் சொல்வதற்குள் ஜௌபர் அவனுடைய காலை மிதித்தார். மெதுவாக இல்லை.

“நல்ல கடை” என்றார் ஜௌபர். அடுப்பின் மேலிருந்த சோற்றுப் பானையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷம் விறகில் வெந்த பானை. அதன் அடியில் கரி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருக்க வேண்டும். அப்பவில்லை. யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். பானை மொட்டையடித்த சாமியார்போல இருந்தது.

“பானையெல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க அப்பு.”

அப்பு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். முதல் வெங்காயம் இன்னும் பாதிதான் உரித்திருந்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீழே தப்புச் சத்தம் கேட்டது. மலைச் சரிவுகளிலிருந்து கூடை சுமந்த பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கணக்கப்பிள்ளை மைக்கூட்டைத் திறந்தார். பாக்கியலெட்சுமி எழுந்து சாக்கு மூட்டையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

“நேரம்” என்றார் துரை.

“கிளாஸைப் பாருங்கோ” என்றார் ஜௌபர்.

எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அமாவாசை விடிந்திருந்தது. கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பு மண்டி. அதற்கு மேலே, லேசாகக் கலங்கினாலும், பொன் நிறத்தில் எண்ணெய்.

“ஐந்நூறு மைல் ஓடிக் கறுத்த எண்ணெய் ஒரு மாசம் வச்சாலும் தெளியாது. தம்பையா தொழிற்சாலையில வேலை பார்த்தவன், கேளுங்கோ.”

“முழிச்சிருந்த நேரத்துல பாத்தேன் தொரை” என்றான் தம்பையா. “உண்மை.”

“இது அடுப்புக் கரி. மேல இருக்கிறது ஒன்பது மைல் ஓடின எண்ணெய். ஒன்பதே ஒன்பது. காரு எங்கயும் போகல்ல. போகவும் ஏலாது, சங்கிலிக்கு அந்தப் பக்கம் அதுக்கு ஆறு மாடு வேணும்.”

மாடசாமி உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் அல்ல, நின்ற இடத்திலேயே. பாக்கியலெட்சுமி மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள்.

“அவுக்காதே” என்றார் கணக்கப்பிள்ளை இராசையா. இருபத்தாறு வருஷ அனுபவம் அவருடையது. எழுதிய சீட்டை வீணாக்கிப் பழக்கமில்லை. “ஐயா, கரியைப் போட்டதும் இவன்தானே? காரு இவன் பொறுப்பு. எஞ்சினைக் கெடுக்கப் பாத்திருக்கான். ஓட்டினதை விட இது பெரிய குத்தம்!”

துரையின் முகம் மறுபடி சிவந்தது. “சரி! கையெழுத்து!” என்று பேனாவைப் பிடுங்கினார்.

கொடுத்த விளக்கமே மாடசாமியின் கழுத்தில் கயிறாக விழும் என்று தம்பையா நினைக்கவில்லை. ஜௌபரைப் பார்த்தான். ஜௌபர் நிதானமாகத் தலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“கையெழுத்துக்கு முந்தி ஒரு சின்ன உதவி தொரை. கால்சட்டையைக் கொஞ்சம் மேல தூக்குங்கோ.”

கோழி கூடக் கொக்கரிப்பதை நிறுத்திவிட்டது.

“என்னா?”

“இடது கால். முழங்கால் தெரியிற அளவுக்கு.”

பெல்டன் துரை, தன் பொய்ப்பல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்த மனிதரைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பிறகு, ஊசிமலைத் தோட்டத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக, ஒரு துரை பெரட்டு நேரத்தில் கால்சட்டையைச் சுருட்டினார். வெள்ளை முழங்கால். அதைச் சுற்றி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஒரு மஞ்சள் வளையம்.

ஜௌபர் குசினிப் போத்தலைப் பையிலிருந்து எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்தார். மறுகையில் கிளாஸ். மூன்றும் ஒரே நிறம்.

“நீங்க நிமிர்ந்து நடந்தது காரு வந்த பிறகு. கோணினது எண்ணெய் மாத்துறதை நிப்பாட்டின பிறகு. மாசாமாசம் கீலுக்குன்னு போன எண்ணெய் ஒரு கீலுக்கும் போகல்ல. மர்லியா உம்மா கடை மூடி மூணு வருஷம். தொரை, ஒரு வருஷமா உங்கட முழங்கால்ல ஓடினது உங்கட எஞ்சின் எண்ணெய்.”

எல்லோரும் அப்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் வெங்காயம் இல்லாமலே சந்தியாகு அப்புவின் கண் கலங்கியிருந்தது.

“அடை மழையில ஒரு தடவை பாதை ஒடைஞ்சு தைலம் வரலீங்க” என்றார். “சப்பாத்து வந்துகிட்டே இருந்துச்சு. மாடசாமி எறக்கி வச்ச எண்ணெயில கற்பூரம், யூகலிப்டஸ் எல்லாம் போட்டுக் காச்சித் தேச்சேன். மக்கா நாள் தொரை நடந்தே தொழிற்சாலைக்குப் போனாரு. பழைய தைலத்துக்கு ஒரு நாளும் அப்படி நடக்கலீங்க. அப்புறம் அந்தப் பாழாப்போன காயிதம் வந்துச்சு. ஆறு மாசம் எண்ணெய் மாத்த வேணாம்னு. ஆறு மாசம்! எனக்கு ஒரு தலைதானேங்க? கறுத்துப் போனதைப் பாத்தா மாத்தச் சொல்லுவாருன்னு பானைக் கரியைப் போட்டேன். கள்ளன்னு சொல்லுவாருன்னு நெனைக்கல.”

“ஏன், பூட்டி வச்ச தகரத்துல புது எண்ணெய் இருக்கே? சாவி என்கிட்டக் கேட்டிருக்கலாமே?” என்றார் இராசையா, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அப்பு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒரு தடவை ரெண்டு சொட்டுக் கேட்டு வாங்கித் தேச்சுப் பாத்தேன். பிடிக்கலீங்க. கொஞ்சமாவது ஓடியிருக்கணும். ஓடின எண்ணெய்தான் கால ஓட வைக்கும்.”

பாக்கியலெட்சுமி படியேறி வந்தாள். அந்த விறாந்தையில் அவள் காலை வைத்தது அதுதான் முதல் தடவை.

“அப்பு, எம் புருஷன் அந்தச் சீட்டை வாங்கிக்கிட்டு மலை எறங்கியிருந்தா நீ வாயத் தொறந்திருப்பியா?”

அப்பு யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். “தெரியல தங்கச்சி” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

அந்த நேரத்தில் துரையின் வலது சப்பாத்து பறந்தது. வலியோடு எறிந்த கை. குறி தப்பி மாட்டு லாடம்போலத் தூணில் மோதி விழுந்தது. அப்பு பழக்க தோஷத்தில் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து இரண்டு கைகளாலும் நீட்டினார். துரை அதை வாங்கி மறுபடி ஓங்கினார். ஓங்கியதில் முழங்கால் இழுத்துப் பிடித்தது. அப்படியே நின்றார், ஒரு பக்கம் சாய்ந்து, சப்பாத்தைத் தலைக்கு மேலே தூக்கியபடி. கீழே பெரட்டுக் களத்தில் இருநூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சப்பாத்து மெல்லக் கீழே இறங்கியது.

“ஜௌபர்” என்றார் துரை, இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில். “கம்பனி ஆறு மாசம்னு எழுதியிருக்கு.”

“சரியாத்தான் எழுதியிருக்காங்க. இந்த ஓட்டத்துக்கு ஆறு மாசம் காணும். அது காருக்கு.” ஜௌபர் சுருட்டிய கால்சட்டையைப் பார்த்தார். “இதுக்குக் கம்பனி ஒன்றும் எழுதல்லையே.”

துரை கணக்குப் போட்டார். அப்புவை அனுப்பிவிட்டால் காய்ச்சத் தெரிந்த ஆள் இல்லை. மாடசாமியை அனுப்பிவிட்டால் இறக்கத் தெரிந்த ஆள் இல்லை. கார் ஓடாவிட்டால் எண்ணெய் ஓடாது. அப்பு, மாடசாமி, கார் மூன்றும் ஒரே முழங்காலில் தொங்கிக்கொண்டிருந்தன.

பத்துச்சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார்.

“இராசையா, எழுது. மாசாமாசம் முதல் சனிக்கிழமை, கார் எண்ணெய் மாத்தணும். மாடசாமி செய்.”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க ஐயா. என்ன போடட்டும்?”

“அந்தக் கட்டம் காலி.”

பாக்கியலெட்சுமி படியிறங்கிப் போய் முடிச்சை அவிழ்த்தாள். இறுக்கிக் கட்டியிருந்ததால் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு கோழியைத் தூக்கித் தம்பையாவின் கையில் திணித்தாள். “முட்டை போடாது. கொழம்புக்கு ஆகும்” என்றாள். நன்றி என்றால் அவள் அகராதியில் அவ்வளவுதான்.

அப்பு கிளாஸின் மேலிருந்த தெளிந்த எண்ணெயை அசையாமல், கரி கலக்காமல், போத்தலுக்குள் வடித்தார். மடியிலிருந்து ஒரு கட்டிக் கற்பூரம் எடுத்துப் போட்டுக் குலுக்கினார். துரை கையை நீட்டினார்.

“இது நாலு மைலா?”

“ஒன்பதுங்க தொரை” என்றார் அப்பு பயபக்தியோடு. “இவ்வளவு ஓடினதை இதுவரைக்கும் தேச்சதே இல்லை.”

துரை போத்தலை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பார்க்க எவரும் இல்லை என்பதுபோல யார் முகத்தையும் பார்க்காமல், மறு கையில் வலது சப்பாத்தும் இடது காலில் சுருட்டிய கால்சட்டையுமாக, சாய்ந்து சாய்ந்து படுக்கையறைக்கு நடந்தார். உள்ளே போனார்.

“தொரை, அந்தக் கீலுக்கும் ஒரு சொட்டு...” என்று தம்பையா ஆரம்பித்தான்.

கதவு அழுதுகொண்டே மூடியது. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.